டிராகன் தோண்டினால் தோண்டட்டும்

பியர்டட் டிராகன் என்கிற ஆஸ்திரேலியப் பாலைவன ஓணானை வளர்க்கிற நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: "அக்கா, இது ஓயாம தோண்டிக்கிட்டே இருக்கு, எப்படி நிறுத்துறது?" மண் போட்டு வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள், தரையில் வெறும் டைல்ஸ் போட்டவர்களும் கேட்கிறார்கள். மண் இல்லையென்றாலும் அது விடாது. டைல்ஸைப் பிராண்டும், கண்ணாடி மூலையைப் பிராண்டும், துணி விரித்து வைத்தால் துணியைச் சுருட்டித் தள்ளிவிட்டு அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். நிறுத்த வேண்டாம். தோண்டுவதற்கு ஒழுங்கான மண்ணைக் கொடுங்கள், அந்த மண் அதன் தலையில் சரிந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் அது எங்கே, எப்போது, எப்படித் தோண்டுகிறது என்று கவனியுங்கள். ஒரு பாலைவன ஓணான் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று நமக்குச் சொல்லும் வழிகளில் இதைவிடத் தெளிவானது வேறு இல்லை. இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது சிட்னியின் மேற்குப் பக்கம். எங்கள் வீட்டில் இருப்பவள் பெயர் செவலை, நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். மத்திய ஆஸ்திரேலியாவின் பியர்டட் டிராகன், அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க உரிமம் வேண்டும், காட்டிலிருந்து பிடித்து வரவே கூடாது. உரிமம் உள்ளவர்களிடம் பிறந்த குட்டியைத்தான் வாங்க வேண்டும். இதன் சொந்த ஊர் எங்கள் மாநிலத்தின் மேற்குக் கோடி, புரோக்கன் ஹில் பக்கத்துச் செம்மண் பூமியும் அதற்கு அப்பாலும். நம் ஊர் வேலியில் தலையாட்டுகிற ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான், அகாமிடே. ஊரில் மழை பெய்து மண் இளகியதும் ஓணான் தோட்டத்து ஓரத்தில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குணம் அப்படியே இதற்கும் உண்டு, பாலைவனம் கொடுத்த இன்னும் சில காரணங்களும் சேர்ந்துகொண்டன.

முதல் காரணம் சூடு. ஜனவரி இங்கே கோடை. அந்த மாத மதியத்தில் அந்தப் பக்கம் காற்றே 40 டிகிரியைத் தாண்டும், வெயில் நேராக விழுகிற மணலின் மேற்பரப்பு 60-ஐத் தொடும். டிராகனின் உடம்பு விரும்புவதோ 35 டிகிரியைச் சுற்றி. அதற்கு வியர்க்காது. முதலில் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும், பிறகு கிளையில் உயரமாக ஏறிக் காற்று வாங்கும், பிறகு நிழலுக்குப் போகும், அதுவும் போதாதபோது மண்ணுக்குள் போகும். மண் நல்ல மறைப்பு. மேலே பகலில் கொதித்து இரவில் குளிர்ந்தாலும், ஓரடி ஆழத்தில் அந்த ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட தெரியாது. அங்கே ஈரமும் கொஞ்சம் கூடுதல், அதனால் மூச்சிலும் தோலிலும் போகிற தண்ணீர் மிச்சமாகும். தண்ணீரே இல்லாத ஊரில் அது பெரிய விஷயம்.

இதிலிருந்து ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பாலைவன ஓணானின் அறிவுக்கு, கீழே போனால் குளிர்ச்சி. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அதற்கு அதுதான் உண்மை. நாம் கண்ணாடித் தொட்டியின் அடியில் ஹீட் மேட் என்கிற சூடேற்றும் விரிப்பை ஒட்டி வைக்கும்போது அந்த உண்மையைத் தலைகீழாக்குகிறோம். உடம்பு சூடானதும் அது தோண்டுகிறது, தோண்டத் தோண்டச் சூடு கூடுகிறது, அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இன்னும் தோண்டுகிறது. கடைசியில் சூடான கண்ணாடி மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிடும். வயிற்றுத் தோல் வெந்து போன டிராகன்களைக் கால்நடை மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள். சூடேற்றும் கல் என்று விற்கிறார்களே, அதுவும் இதே ரகம்தான். சூடும் வெளிச்சமும் மேலேயிருந்துதான் வர வேண்டும், சூரியன் இருக்கிற திசையிலிருந்து. அடியில் எதுவும் வேண்டாம். இரவில் வீட்டுக்குள் 18 டிகிரி வரை இறங்கினால்கூட நலமான, வளர்ந்த டிராகனுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, மண்ணுக்கு வருவோம்.

பாலைவனப் பல்லி என்றதும் எல்லோரும் கடையில் போய் மெல்லிய மணல் மூட்டையை வாங்கி வந்து கொட்டுகிறார்கள். எந்தப் பல்லி என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாப் பாலைவனப் பல்லியும் ஒரே மாதிரி தோண்டுவதில்லை. சஹாராவிலும் அரேபியாவிலும் இருக்கிற சாண்ட்ஃபிஷ் என்கிற பல்லி வளையே அமைக்காது, உதிர் மணலுக்குள் நீந்தும். 2009-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தபோது, மணலுக்குள் போனதும் அது கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உடம்பை அலையலையாக நெளித்தே முன்னேறுவது தெரிந்தது. அதற்கு மெல்லிய உதிர் மணல்தான் வேண்டும். அமெரிக்கப் பாலைவனத்துச் சக்வாலாவோ பாறை இடுக்கில் நுழைந்து உடம்பை ஊதிக்கொண்டு அப்படியே சிக்கிக்கொள்ளும், அதற்கு மண்ணைவிடப் பாறை முக்கியம். ஆஸ்திரேலியாவின் வடக்கே மஞ்சள் புள்ளி உடும்பு முட்டையிடுவதற்காகத் திருகுச் சுருளாகக் கீழே இறங்கும் வளை பறிக்கிறது, மூன்று மீட்டர் ஆழம் வரைக்கும். ஒரு உடும்பு மனிதனின் உயரத்தைவிட அதிகமாகக் கீழே போய் முட்டையை வைத்துவிட்டு வருகிறது என்பதை முதலில் படித்தபோது நான் அதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நம் டிராகன் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. கல்லுக்கோ வேருக்கோ அடியில் சரிவாக ஒரு குகை மாதிரிப் பறித்து அதற்குள் இருந்துகொள்ளும். அப்படிப் பறித்த குழி நிற்க வேண்டும் என்றால் மண்ணில் கொஞ்சம் களிமண் வேண்டும். வெறும் மணலில் தோண்டினால் தோண்டத் தோண்டச் சரியும், அது தோண்டிக்கொண்டே இருக்கும், குழி கிடைக்காது. "ஓயாம தோண்டுது" என்கிற புகாரில் பெரும்பகுதி இதுதான். வேலை முடியாததால்தான் அது நிறுத்துவதில்லை.

உரமோ வெள்ளைப் பெர்லைட் உருண்டைகளோ கலக்காத தோட்ட மண், அதோடு மணல், கொஞ்சம் களிமண். மண் பாதிக்கு மேல், மணல் பாதிக்குக் கீழ் என்று தொடங்கலாம். இங்கே கட்டட வேலைக்கு விற்கிற பிரிக்கி மணலில் இயல்பாகவே களி இருக்கிறது, அதனால் அதைக் கலந்தால் நன்றாகப் பிடிக்கிறது. அளவுகளைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், கைதான் அளவு. லேசாக ஈரப்படுத்தி ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், அதில் ஆள்காட்டி விரலைக் குத்தி எடுத்தால் ஓட்டை அப்படியே இருக்க வேண்டும். உருண்டை உதிர்ந்தால் களி போதாது. காய்ந்த பிறகு செங்கல் மாதிரி இறுகிவிட்டால் களி கூடிவிட்டது, மணல் சேருங்கள்.

கால்சியம் மணல் என்று வண்ண வண்ணமாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து தேவைப்படுகிற பிராணி அதை ருசி பார்த்துத் தின்னத் தொடங்கும், ஈரம் பட்டால் அது கட்டியாகும், குடலுக்குள் போனாலும் அதேதான். வால்நட் ஓட்டுத் தூளும் மரச் சீவலும் அதே வரிசை.

"மண்ணைத் தின்று குடல் அடைத்துக்கொண்டால்?" என்று அடுத்த கேள்வி உடனே வரும். நியாயமான பயம்தான். ஆனால் அடைப்புக்கு மண் மட்டும் காரணம் என்று நினைப்பது முழுக் கதை இல்லை. விளக்குக்கு அடியில் அது வெயில் காயும் இடத்தில் போதுமான சூடு இல்லையென்றால் அது தின்றதைச் செரிக்க முடியாது. புற ஊதா விளக்கு பழசாகிவிட்டால் உடம்பில் கால்சியம் சேராது, தசை பலவீனமாகும், குடலும் ஒரு தசைதானே. தண்ணீர் குறைந்தால் எல்லாமே இறுகும். குடலில் புழு இருந்தாலும் சிக்கல். இத்தனையும் சரியாக இருக்கிற வளர்ந்த டிராகன், பூச்சியோடு சேர்த்து விழுங்குகிற நாலு மண் துகளை மறுநாள் வெளியே அனுப்பிவிடும். காட்டில் அது தட்டில் வைத்துச் சாப்பிடுவதில்லை. குட்டிகளுக்கும், நோயில் இருப்பவற்றுக்கும், புதிதாக வாங்கி வந்து இன்னும் மலப் பரிசோதனை செய்யாதவற்றுக்கும் மட்டும் செய்தித்தாளோ பேப்பர் டவலோ விரித்து வையுங்கள், அதுவும் கொஞ்ச காலத்துக்கு. அந்த நாட்களிலும் உள்ளே நுழைந்து படுக்க ஒரு மறைவிடம் கண்டிப்பாக வேண்டும்.

ஆழம் எவ்வளவு? தொட்டி முழுக்க ஒரே ஆழம் தேவையில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 30 செ.மீ. உயரத்துக்கு மண் கொட்டினால் 216 லிட்டர் மண் ஆகிறது, எடை 300 கிலோவை எட்டிவிடும். சாதாரண டிவி ஸ்டாண்டின் மேல் இதை ஏற்ற முடியாது. அதனால் வெயில் காயும் பக்கம் 5 செ.மீ., குளிர்ந்த பக்கம் 25 அல்லது 30 செ.மீ. என்று சரிவாக அமைக்கிறேன். கதவு முன்பக்கம் திறக்கிற தொட்டியாக இருந்தால் மண்ணைத் தடுக்க உயரமான தடுப்புப் பலகை வேண்டும். ஸ்டாண்டின் பலத்தை முதலில் பாருங்கள், மண்ணைப் பிறகு வாங்குங்கள். வாடகை வீட்டில் மரத்தரை என்றால் தொட்டியைச் சுவர் ஓரமாக வைப்பது நல்லது.

பிறகு கல். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். கனமான கல்லை மண்ணின் மேல் வைக்கவே கூடாது. டிராகன் கல்லுக்கு அடியில்தான் தோண்டும், அதற்கு அந்த இடம்தான் பிடிக்கும், மேலே கூரை கிடைக்கிறது அல்லவா. தோண்டி முடிக்கும்போது கல் இறங்கும். அதனால் முதலில் தொட்டியின் தரையிலேயே கல்லை நிறுத்துங்கள், கண்ணாடி கீறாமல் இருக்க அடியில் ஒரு துண்டு டைல்ஸோ கார்க்கோ கொடுத்துக்கொள்ளலாம், கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடாது என்று உறுதியானதும் சுற்றி மண்ணைக் கொட்டுங்கள். அது எவ்வளவு தோண்டினாலும் கல் நின்ற இடத்தில் நிற்கும். மரக்கட்டைக்கும் அதே முறை. பின்னால் ஒரு நாள் கட்டையை இடம் மாற்றத் தோன்றினால், முதலில் ஓணான் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

மேல் மண் காய்ந்திருக்க வேண்டும், அடி மண்ணில் ஈரம் வேண்டும். மேலே தெளித்தால் இது நடக்காது, மேல்பக்கம் நனைந்து காற்றில் ஈரம் ஏறி, அதற்கு மூச்சுத் தொல்லைதான் வரும். ஆழமான பக்கத்து மூலையில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை அடிவரை செருகி வைத்திருக்கிறேன், அதன் வழியாக அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அடியில் மட்டும் பரவும். குழி சரியாமல் நிற்பதற்கும் அந்த ஈரம்தான் காரணம். காற்றின் ஈரப்பதம் 30, 40 சதவீதத்தைச் சுற்றி இருக்கிறதா என்று ஒரு சின்ன மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தோண்டுகிற பிராணி இருக்கும் தொட்டியில் விளக்கு விஷயத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு, இவற்றை யாரும் சொல்வதில்லை. ஒன்று, விளக்கின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டின் சென்சார் வயர். டிராகன் தோண்டித் தள்ளுகிற மண்ணில் அது புதைந்துவிட்டால் குளிர்ந்த மண்ணின் சூட்டைக் காட்டும், இன்னும் சூடு போதவில்லை என்று விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மேலே அடுப்பாகிவிடும். சென்சாரை மண்ணுக்கு மேலே, அதன் கால் எட்டாத இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு, மண்மேடு. தோண்டி எடுத்த மண் எங்காவது குவியும், அது விளக்குக்கு நேர் கீழே குவிந்தால் அதன் மேல் ஏறிப் படுக்கிற டிராகனின் முதுகு விளக்குக்கு ஒரு சாண் பக்கத்தில் போய்விடும். நீங்கள் அளந்து வைத்த தூரம் எல்லாம் வீண். வாரத்துக்கு ஒரு முறை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அது படுக்கிற இடத்தைச் சுட்டிப் பாருங்கள், 40-இலிருந்து 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மேடு கட்டியிருந்தால் கையால் தட்டிச் சமன் செய்துவிடுங்கள்.

தீனி விஷயம் ஒன்று. இங்கே எல்லோரும் வுட்டீஸ் என்கிற கரப்பானைத்தான் வாங்குகிறோம், அதற்கும் மண்ணில் புதையத் தெரியும். மண் தொட்டியில் அள்ளி வீசினால் பாதி மண்ணுக்குள் போய்விடும். பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள். சில்வண்டு போட்டால் மிச்சத்தை மாலைக்குள் பொறுக்கி எடுத்துவிடுங்கள், இரவில் தூங்குகிற டிராகனின் விரலையும் கண்ணோரத்தையும் அது கடிக்கும்.

இப்போது கவனிப்பதைப் பற்றி. செவலை தோண்டத் தொடங்கினால் நான் வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன். முதலில் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மண்ணைப் பார்ப்பாள். பிறகு வலது முன்கால் நாலைந்து தடவை, கொஞ்சம் நிறுத்தி இடது முன்கால் நாலைந்து தடவை. வயிற்றுக்கு அடியில் மண் சேர்ந்ததும் பின்கால் ஒன்றை நீட்டி ஒரே இழுப்பில் பின்னால் தள்ளுவாள், அது கண்ணாடியில் மழைத் துளி மாதிரி தெறிக்கும். மூக்கு நுனியில் செம்மண் ஒட்டியிருக்கும், அதைத் துடைப்பதே இல்லை. குழி தோள் அளவு ஆனதும் உடம்பைத் தட்டையாக்கி உள்ளே நுழைந்து, திரும்பி, முகத்தை வாசல் பக்கம் வைத்துப் படுத்துக்கொள்வாள். தாடை மட்டும் வெளியே தெரியும். இது சந்தோஷமான தோண்டல். வேலை முடிந்ததும் ஓய்வு, பிறகு வெயில் காய வெளியே வருவாள், சாப்பிடுவாள். நகமும் தானாகவே தேய்ந்துகொள்கிறது, வெட்ட வேண்டிய வேலை எனக்குக் குறைவு.

இதற்கு நேர் எதிரானது, குளிர்ந்த பக்கத்தின் கடைசி மூலையிலேயே எப்போதும் தோண்டிப் புதைந்து கிடப்பது, அதுவும் கோடையில், வாயைத் திறந்தபடி. தொட்டி சூடாகிவிட்டது என்று அர்த்தம், குளிர்ந்த பக்கமே 30-ஐத் தாண்டியிருக்கும். விளக்கின் வாட்ஸைக் குறையுங்கள். கண்ணாடியைப் பார்த்து எழுந்து நின்று பிராண்டுவது வேறு. அதில் தன் பிம்பத்தைப் பார்த்து இன்னொரு டிராகன் என்று நினைக்கலாம், பக்கத்தில் பூனையோ நாயோ நின்று வெறிக்கலாம், தொட்டி சின்னதாக இருக்கலாம். மூன்று பக்கமும் வெளியே அட்டை ஒட்டிப் பாருங்கள், பலதுகள் அன்றே அடங்கிவிடும். ஒரே தொட்டியில் இரண்டு டிராகன் வைத்து, அதில் ஒன்று எப்போதும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்றால் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. "ரெண்டும் ஃப்ரெண்ட்ஸ், ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கும்" என்று சொல்வார்கள். மேலே படுப்பது வெயிலைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது, கீழே இருப்பதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இவை தனியாக வாழ்கிற பிராணிகள். பிரித்து வையுங்கள், இதில் நான் இரண்டாவது யோசனைக்கே இடம் கொடுக்க மாட்டேன்.

இங்கே ஏப்ரல், மே வாக்கில் பகல் குறையத் தொடங்கும்போது வருகிற தோண்டல் இன்னொரு வகை. சாப்பாடு குறையும், வெயில் காய்வது குறையும், குளிர்ந்த பக்கம் போய் ஆழமாகப் பறித்து, உள்ளே போய், வெளியே வரவே மாட்டாது. குளிர்காலத் தூக்கம். சில டிராகன்கள் தூங்கவே தூங்காது, சிலது சில வாரம், சிலது மூன்று மாதம் கூடப் போகும். இந்தச் சமயத்தில்தான் பயந்து போய்த் தோண்டி எடுத்துக் குளிப்பாட்டி வாயில் ஊட்டுகிறார்கள். வேண்டாம். குளிர்ந்த உடம்பு செரிக்காது, ஊட்டியது வயிற்றிலேயே கெட்டுப் போகும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. மார்ச்சிலேயே மலத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் புழு, காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது உடம்பில் இருக்கும்போது தூங்க விட்டால் எதிர்ப்புச் சக்தி குறைந்து நோய் முற்றும். சாப்பாட்டை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் விளக்கு எரியட்டும், குடல் காலியாகும், பிறகு விளக்கு நேரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஒரு வயது ஆகாத குட்டியை இப்படி நீண்ட நாள் தூங்க விடாதீர்கள், அதனிடம் சேமிப்பு இல்லை. தூங்கும்போது வெளியே வந்து போகிறதா என்று தெரிய, குழி வாசலில் குறுக்காக ஒரு காய்ந்த யூகலிப்டஸ் இலையைச் சாய்த்து வைப்பேன். இலை விழுந்திருந்தால் வந்து போயிருக்கிறாள், தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வைப்பேன். வெளியே வரும் நாளில் எடை பார்த்துக்கொள்ளலாம். தூங்கப் போனபோது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அல்லது கண் உள்ளே போய்ச் சப்பையாகத் தெரிந்தால், தூக்கத்தைக் கலைத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக முட்டை. இதுதான் உயிர் போகிற விஷயம் என்பதால் நீளமாகவே சொல்கிறேன்.

பெண் டிராகனுக்கு ஆண் துணையே இல்லாவிட்டாலும் முட்டை வரும், நாட்டுக்கோழி மாதிரிதான். பெண் என்று தெரியாமலே வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது திடீரென்று நடப்பது போல இருக்கும். வசந்தம் வந்ததும், இங்கே செப்டம்பர், அக்டோபரில், வயிறு இரண்டு பக்கமும் புடைக்கும். மெதுவாகத் தடவினால் தோலுக்கு அடியில் திராட்சை திராட்சையாகத் தட்டுப்படும், அழுத்திப் பார்க்காதீர்கள். சாப்பாட்டை ஒதுக்குவாள். பிறகு தோண்டல். எந்த இடமும் பிடிக்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் பறித்து விட்டுவிட்டுத் தொட்டி முழுக்க அலைவாள். ஒரே குழியில் நிலைத்து உட்காராத இந்த அலைச்சலைப் பார்த்தாலே எனக்குப் புரிந்துவிடும்.

அவளுக்கு வேண்டியது தன் உடம்பு முழுக்க மறைகிற அளவு ஆழமான, சரியாத, லேசான ஈரமும் இளஞ்சூடும் உள்ள மண். அது கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கி வைத்துக்கொள்வாள். அடக்கி வைத்த முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் அறுவை சிகிச்சைதான், அது தாமதமானால் பிழைக்க மாட்டாள். டைல்ஸ் தரையில் வளர்கிற பெண் டிராகன்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் தலைக்கு மேல் நிற்கிறது. தொட்டியில் ஆழமான மண் இருந்தால் தனியாக ஒன்றும் வேண்டாம். இல்லையென்றால் மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் மேலே சொன்ன கலவையை 25, 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பி, கையால் தட்டி அழுத்தி, ஒரு ஓரத்தில் நீங்களே ஒரு குழியைத் தொடங்கி வைத்து, மேலே ஒரு விளக்கைப் பிடித்து மண் 25 டிகிரிக்கு மேல் இருக்கும்படி செய்து அவளை உள்ளே விடுங்கள். பெட்டியின் மேல் ஒரு துணி போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள், பயம்.

குழிக்குள் போய், திரும்பி, தலையை வெளிப்பக்கம் வைத்து இடுவாள். 15 முதல் 30 வரை இடுவது வழக்கம். முடிந்ததும் மண்ணை இழுத்து மூடி மூக்காலும் தலையாலும் குத்திக் குத்தி இறுக்குவாள், வெளியே பார்த்தால் அங்கே குழி இருந்த அடையாளமே தெரியாது. வயிறு ஒட்டி, தோல் தொங்கி, வேறு ஆள் மாதிரி இருப்பாள்.

அந்த ஆழம் தாய்க்கு மட்டும் முக்கியம் இல்லை. 2015-இல் கான்பெரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதிய ஒரு விஷயம்: இந்த இனத்தில் முட்டை 32 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருந்தால், ஆணின் குரோமோசோம் உள்ள கரு பெண்ணாகவே வளர்ந்து பிறக்க முடியும், அப்படிப் பிறந்தவை காட்டிலேயே இருக்கின்றன. தாய் எந்த ஆழத்தில், எந்த நிழலில் குழி பறிக்கிறாள் என்பது குஞ்சு ஆணா பெண்ணா என்பது வரைக்கும் போகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு டிராகன் இடம் பிடிக்காமல் அலைவதை எரிச்சலோடு பார்க்க யாராலும் முடியாது என்று நினைக்கிறேன்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்? இரண்டு நாள் தோண்டியும் முட்டை வரவில்லை, தோண்டுவதை நிறுத்திவிட்டுச் சோர்ந்து கிடக்கிறாள், கண்ணை மூடி இருக்கிறாள், பின்கால் இழுக்கிறது, பாதி முட்டை போட்டு மீதியை உள்ளே வைத்துக்கொண்டு முக்குகிறாள். இதில் எது நடந்தாலும் அன்றே போங்கள். ஊர்வன பார்க்கிற மருத்துவர் யார் என்று முன்பே தேடி, எண்ணை போனில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா கிளினிக்கிலும் பார்க்க மாட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை முட்டை, எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும், கால்சியம் குறைவாக இருந்தால் ஊசி போட்டே சில சமயம் சரியாகிவிடும்.

இட்டு முடித்த அன்றே அவளை இளஞ்சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் விடுங்கள், நன்றாகக் குடிப்பாள். அடுத்த சில வாரத்துக்கு வுட்டீஸும் பட்டுப்புழுவும் தாராளமாக, கால்சியம் பொடி தூவி. முட்டையை அடை வைக்கப் போவதில்லை என்றால் அன்றே எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், தெரியாமல் குஞ்சு பொரிந்துவிட்டால் அத்தனைக்கும் உங்களால் வீடு தேட முடியாது. முன்னால் எப்போதாவது ஆணோடு இருந்தவள் என்றால் இதில் இன்னும் கவனம் வேண்டும், ஒரு சேர்க்கையின் விந்தை உடம்பில் வைத்திருந்து அடுத்தடுத்த ஈடுகளுக்குப் பயன்படுத்திக்கொள்வாள் (ஒரு தடவை இடுகிற முட்டைகள் ஒரு ஈடு). அதனால்தான் மண் பெட்டியை உடனே கழுவிக் கவிழ்த்து வைக்காதீர்கள் என்று சொல்கிறேன். ஒரு ஈடு முடிந்து சில வாரங்களில் அடுத்த ஈடு வருவது சாதாரணம். முட்டை இருந்த மண்ணை மட்டும் மாற்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, கோடை முடிகிற வரை பெட்டி அங்கேயே இருக்கட்டும்.